பதினான்காம் கட்டிலின் ரத்தம்

குழாய் சூடாக இருந்தது.

கையுறை போட்ட விரல்களால் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த ரோசிட்ஸா, தவறாகத்தான் தோன்றுகிறது என்று நினைத்து, கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தொட்டுப் பார்த்தாள். நுரையீரல் பிரிவு முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனிக் கட்டடத்தில் இருந்தது. டான்யூப் ஆற்றிலிருந்து ஏறி வந்து மூன்று நாளாக ஊரை விட்டு நகராமல் கிடக்கும் நவம்பர் மூடுபனிக்குள், தகரப் பெட்டியில், தள்ளுவண்டியில் இருபது நிமிடம் வர வேண்டிய ரத்தம். பெட்டியில் இருந்த மற்ற முப்பது குழாய்களும் சில்லிட்டுப் போயிருந்தன. இது மட்டும் யாருடைய கைமடிப்பிலிருந்தோ இந்த நிமிடம் உருவியது போல வெதுவெதுவென்று இருந்தது. சீட்டைப் படித்தாள். கமென் ஸ்டொயிலொவ், கட்டில் 14. அவளுடைய கணவன்.

ஆய்வுக்கூடம் பாதி மண்ணுக்குள் இருந்தது. ஜன்னல் தரைமட்டத்தில். வெளியே நிற்பவர்களின் ஷூவும் முழங்காலும்தான் தெரியும், முகம் தெரியாது. பிளீச்சிங் நெடியும், ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறிய எந்திரங்களின் பிளாஸ்டிக் வாடையும், காலையில் போட்டுக் குடிக்க மறந்த காபியின் புளித்த வாடையும் சேர்ந்து அங்கே எப்போதும் நின்றுகொண்டிருந்தன. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரத்தின் ஊளை ஏறி ஏறி ஒரு உச்சியில் நிற்கும், பிறகு இறங்கும். பதினொரு நாளாக அந்த ஊளை வீட்டிலும் அவள் காதுக்குள் கேட்டது. மருத்துவக் கழிவு வண்டி இரண்டு வாரமாக வரவில்லை. பழைய குழாய்கள் குளிர்பெட்டிக்குள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, கதவைச் சாத்த நாற்காலியை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் மட்டும் தினமும் கழுத்தில் டை கட்டிய ஒருவன் தோன்றி, எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது என்றான். யார் கட்டுக்குள் என்று கேட்க ஆளில்லை.

கமெனின் காகிதம் பதினொரு மணிக்கு எந்திரத்திலிருந்து வெளியே வந்தது. சிஆர்பி 268. திங்களன்று 164, வியாழனன்று 171, சனியன்று 190, செவ்வாயன்று 214. உடம்புக்குள் தீ எவ்வளவு உயரம் எரிகிறது என்பதை அந்த எண் சொல்லும். ரத்தம் எவ்வளவு கட்டிக்கட்டிக் கரைகிறது என்று டி-டைமர் சொல்லும். அதுவும் ஏறியிருந்தது. நோயோடு சண்டை போடும் வெள்ளையணு பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது.

அவள் பயந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். ஏனென்றால் இந்த வரிசையின் முதல் எண், திங்கட்கிழமையின் 164, கமெனுடையது இல்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

பதினொரு நாளுக்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமையை அவள் நினைக்காமல் ஒரு மணி நேரம்கூடப் போனதில்லை. நாற்பது கட்டில். வெளியே கேட் வரைக்கும் வரிசை. யாரைச் சேர்ப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதற்கு நுரையீரல் பிரிவின் தலைவன் பாலாபனொவ் ஒரு தாள் தயாரித்து வைத்திருந்தான். ரத்தத்தில் ஐந்து எண்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யமோ ஒன்றோ இரண்டோ மதிப்பெண். கூட்டினால் ஏழுக்கு மேல் வந்தவனுக்குக் கட்டில். பத்துக்குப் பத்து வாங்கியவனுக்குத் தொண்டையில் குழாய். குறைந்தவனுக்குக் காய்ச்சல் மாத்திரையும் விட்டமினும், வீட்டுக்குப் போ. "ஆளைக் காட்டாதே, காகிதத்தைக் காட்டு" என்பான். மூச்சு வாங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவனின் முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டான். ரத்தம் பொய் சொல்லாது என்பது அவன் கட்சி. அது வாஸ்தவம்தான். ஆனால் ரத்தத்தின் மேல் ஒட்டும் சீட்டு சொல்லும்.

அன்று சாயங்காலம் ஒரே கட்டில் காலி. ஒரே நேரத்தில் இரண்டு பேருடைய குழாய்கள் அவள் மேஜைக்கு வந்தன. ஒன்று மெதோதி த்ஸான்கொவ், அறுபத்திரண்டு வயது, நகராட்சி பஸ் டிரைவர். மதிப்பெண் ஒன்பது. இன்னொன்று கமென். மதிப்பெண் மூன்று. கமென் இரண்டு நாள் வீட்டில் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தான். மூன்று என்று வீட்டுக்குப் போனவர்கள் ஒன்பதாம் நாள் உதடு நீலமாகித் திரும்பி வந்ததை அவள் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். அப்போது கட்டில் இருக்காது. அந்த மெதோதி காலையிலிருந்து அவளுடைய ஜன்னலுக்கு எதிரேதான் நின்றுகொண்டிருந்தான். எட்டு மணி நேரம். அவள் பார்த்ததெல்லாம் பழுப்பு ஷூ ஒரு ஜோடி. இடது ஷூவின் கயிறு அறுந்து, அதற்குப் பதிலாக மஞ்சள் மின்கம்பியைக் கோத்துக் கட்டியிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது.

இரண்டு சீட்டுகளையும் உரித்தாள். மாற்றி ஒட்டினாள். பத்து விநாடிகூட ஆகவில்லை. புதுச் சீட்டோடு மறுபடி ஓட்டிய காகிதம்தான் பாலாபனொவிடம் போனது.

புதன்கிழமை மெதோதி தன் வீட்டுச் சமையலறையில் செத்துப்போனான். கறுப்புக் கரை போட்ட மரண அறிவிப்பை, படத்தோடு, அவன் வீட்டார் பஸ் நிறுத்தத்திலும் ஆஸ்பத்திரி வாசல் மரத்திலும் ஒட்டியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

வியாழனன்று கமெனின் அடுத்த ரத்தம் வந்தபோது முப்பது, நாற்பது என்று வரும், மருந்து நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் அவள் காத்திருந்தாள். 171 வந்தது. சரி, நோய் முற்றிவிட்டது, கட்டில் பிடித்ததே நல்லதாகப் போயிற்று என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டாள். ஆள் தெம்பாகப் பேசும்போதே உள்ளே நுரையீரல் அவிந்துகொண்டிருக்கும் நோய் இது. ரத்தத்துக்குத்தான் முதலில் தெரியும்.

இன்றைக்கு, அந்தச் சூட்டின் எரிச்சலில், காகிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். சிவப்பணுவின் பருமன் 78.

கமெனுக்கு 92. பத்து வருஷமாக அவளே பார்த்துவரும் எண். தீ ஏறும், இறங்கும், வெள்ளையணு குறையும். சிவப்பணுவின் பருமன் ஒரு வாரத்தில் மாறாது. கைரேகை போல அது அவரவருடையது. பழைய காகிதங்களை இழுத்துப் பார்த்தாள். வியாழன் 78. சனி 78. செவ்வாய் 78. திங்களன்று, அந்தத் திங்களன்று, மெதோதியின் ரத்தம், 78.

போனை எடுத்து வார்டு தலைமை நர்ஸ் டோன்காவைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி டோன்கா, பதினாலுன்னு எழுதிட்டு யார் கையில குத்திட்டு வர்ற?"

"அக்கா, நீங்களும் ஆரம்பிக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் கையிலதான் குத்துனேன். குத்துறப்போ என் அம்மா வரைக்கும் திட்டுனாரு. வேற யாருக்கு அந்த வாய் இருக்கு?"

"நாலு தடவையும் நீதான் எடுத்தியா?"

"நாந்தான். இங்க நாப்பது பேருக்கு ரெண்டு நர்ஸு. என்னைத் தவிர எந்த மகராசி வந்து எடுக்கப் போறா?"

"அவன்கிட்ட குடு போனை."

கமெனின் குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்பு, மற்றபடி அதே குரல். "ரோசி, இந்த சூப்புல கோழி நீந்திப் போன தடம் மட்டும்தான் இருக்கு. நல்லா இருக்கேன். ஆனா காலுதான் சூடே ஆக மாட்டேங்குது. கம்பளிக் காலுறை அனுப்பி விடேன்."

"மூச்சு?"

"அதெல்லாம் விடுறேன். ஏ, கேக்கணும்னு நெனச்சேன். மூணாம் நம்பரை இப்ப யார் ஓட்டுறாங்க? அந்த வண்டிக்கு பிரேக் கொஞ்சம் சொணங்கும். சொல்லி வை."

கமெனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் போடுகிறவன் அவன். காய்ச்சலில் உளறுகிறான் என்று சொல்லிக்கொண்டே போனை வைத்தாள்.

ரத்த வகை பார்த்தாள். கமெனுக்கு ஓ நெகட்டிவ். சத்தியம் செய்து சொல்லலாம். பட்டாளத்தில் இருந்த இரண்டு வருஷத்தில், எண்பத்தாறில், இடது முன்கையின் உள்பக்கம் ஊசியும் மையும் வைத்துக் குத்திக்கொண்டிருந்தான், கோணல்மாணலாக ஒரு பூஜ்யமும் ஒரு கோடும். "அடிபட்டுக் கெடந்தா டாக்டருக்கு ஒரு வேலை மிச்சம்" என்பான். வெள்ளைத் தட்டில் சொட்டு விட்டாள். மருந்து விட்டாள். ஆட்டினாள்.

ஏபி பாசிட்டிவ்.

குளிர்பெட்டியின் முட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு, திங்கட்கிழமைக் குழாய்களைத் தோண்டி எடுத்தாள். கமென் பெயர் ஒட்டிய, மெதோதியின் ரத்தம். ஏபி பாசிட்டிவ். சிவப்பணு 78. மெதோதி பெயர் ஒட்டிய, கமெனின் ரத்தம். ஓ நெகட்டிவ். அடியில் கறுத்து உறைந்து இரண்டு விரல் உயரம் கிடந்தது. அந்தக் குழாயைக் கீழே வைக்க மனம் வரவில்லை. மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

செத்துப்போன மனிதனின் ரத்தம், அவன் செத்த மறுநாளிலிருந்து, ஒரு நாள் விட்டும் இரண்டு நாள் விட்டும் வந்துகொண்டிருந்தது. அவன் பிழைத்திருந்தால் நோய் எப்படி முற்றியிருக்குமோ அப்படியே முற்றிக்கொண்டு.

போன் அடித்தது. டோன்கா. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அக்கா, காலைல வந்த காகிதம் பெரிய டாக்டர் கைக்குப் போயிடுச்சு. பத்துக்குப் பத்து. அஞ்சு மணிக்குத் தொண்டையில குழாய் போடுறதா சொல்றாரு."

அந்த வார்டில் இதுவரை பத்தொன்பது பேருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்து நடந்து போகவில்லை.

வெள்ளை உடுப்பு, இரண்டு முகக்கவசம், கண்ணாடி. உள்ளே தன் மூச்சே தனக்கு உறைத்தது. வார்டில் பிராணவாயு சீறும் சத்தம் நாற்பது கட்டிலிலிருந்தும் சேர்ந்து வந்தது. பதினான்காம் கட்டிலில் கமென் சாய்ந்து உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கமெனின் மூக்கு, கமெனின் நரைத்த புருவம். இடது கையில் மருந்து ஏற மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தார்கள். கால்மாட்டில் பாலாபனொவ், கையில் காகிதம்.

"டாக்டர், அவனைப் பாருங்க. உக்காந்து சாப்பிடுறான்."

"பார்க்க நல்லாத்தான் இருப்பாங்க. காகிதத்தைப் பார்த்தியா? நீ அனுப்பினதுதானே?"

"அது இவனோடது இல்ல."

"அப்புறம்?"

சொன்னால் வேலை போகும். ஜெயில்கூட. சொல்லாவிட்டால் ஐந்து மணி. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டு, கட்டில், பழுப்பு ஷூ. சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீ அந்த ஆளை ஒரு தடவை, ஒரே தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா என் சீட்டை நம்பியிருக்க மாட்டே!" என்று கத்தினாள். மரியாதை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

பாலாபனொவ் அசையாமல் கேட்டான். பிறகு சொன்னான். "திங்கட்கிழமை நீ மாத்தினே. சரி, அதை அப்புறம் பார்த்துக்கறேன். அந்த ஆள் இப்ப எங்க?"

"செத்துட்டாரு."

"செத்தவன் ரத்தத்தை டோன்கா எந்தக் கடையில வாங்கிட்டு வந்தா?"

பாலாபனொவ் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"நீயே எடு. உன் கையாலயே. நாலரைக்குக் காகிதத்தோட வா. குறைஞ்சிருந்தா குழாய் இல்ல."

வலது கையில் பட்டி கட்டினாள். கமென் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டவில்லை. ஊசி ஏறும்போது முகம்கூடச் சுளிக்கவில்லை. "காலுறை கொண்டாந்தியா?" என்று மட்டும் கேட்டான். சீட்டில் அவளே பெயர் எழுதினாள், அவளே ஒட்டினாள். குழாயைக் கைக்குள் பொத்திக்கொண்டு மூடுபனிக்குள் நடந்தாள். முற்றம் முடிவே இல்லாமல் நீண்டது. விரல்கள் குளிரில் மரத்துப்போயின. குழாய் ஆறவே இல்லை.

சிஆர்பி 281. சிவப்பணு 78.

ஏபி பாசிட்டிவ்.

மறுபடி ஓட்டினாள். அதே. கழுவிவிட்டு, புது மருந்து விட்டு, மறுபடி. அதே. எந்திரத்தை உள்ளங்கையால் அறைந்தாள். "பொய்! பொய்!" என்று அந்த நிலவறைக்குள் தனியாகக் கத்தினாள். ஊளை ஏறியது. நின்றது. இறங்கியது.

மணி நாலு பத்து. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

ஜன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள்.

பெண்ணின் கறுப்புப் பூட்ஸ். கறுப்புப் பாவாடையின் விளிம்பு. ஒரு கை குனிந்து நீண்டது. அதில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை, அவித்த கோதுமை, மேலே சர்க்கரை, நடுவில் ஒரு பிஸ்கட். செத்தவர்களுக்காக ஒன்பதாம் நாள் கொடுப்பது.

"இங்க ரோசிட்ஸான்னு யாராவது இருக்கீங்களாம்மா?"

ஜன்னலை ஒரு சாண் திறந்தாள். "நாந்தான்."

"நான் ஸ்தான்கா. மெதோதி த்ஸான்கொவ் வீட்டுக்காரி. மூணாம் நம்பர் பஸ்ஸு. இன்னிக்கு அவருக்கு ஒன்பதாம் நாள். எடுத்துக்கோங்கம்மா. அவர் பேர் சொல்லிச் சாப்பிடுங்க."

ரோசிட்ஸா வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் போகவில்லை. பூட்ஸ் இடம் மாறி மாறி நின்றது.

"கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க. அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியா. இல்ல, கடைசி ரெண்டு நாளும் அவருக்கு வீடே அடையாளம் தெரியலை. என்னைப் பார்த்து, யாரு நீங்க, நான் இங்க எப்படி வந்தேன்னு கேக்குறாரு. முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணினவ கிட்ட. ரோசியைக் கூப்பிடு, ஆய்வுக்கூடத்துல இருப்பா, ரோசி வந்தா சரி பண்ணிடுவான்னு ராத்திரி பகலா அதே பேச்சு. உங்க போன் நம்பரைக்கூட சொன்னாரு. நான் உளறல்னு விட்டுட்டேன். கூப்பிட்டிருக்கணுமோ என்னமோ."

ரோசிட்ஸா ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கும்மா. யார்கிட்டயும் சொல்லலை. பையில போட்டு ஜிப்பை இழுக்க வந்தாங்க. கைக்கு ஒரு தடவை முத்தம் குடுத்துக்கிறேன்னு கெஞ்சி, சட்டையை மேல தள்ளினேன். முகம் அவர் முகம்தான். ஆனா கையில நீலமா பச்சை குத்தியிருக்கு. கோணலா ஒரு பூஜ்யம், பக்கத்துல ஒரு கோடு." குரல் உடைந்தது. "எங்க ஆளு பட்டாளத்துக்கே போனதில்ல. நெஞ்சு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நான் யாரைப் புதைச்சேன்?"

கோப்பை கீழே விழுந்தது. கோதுமை தரையெங்கும் சிதறியது.

கமென். மூன்று மதிப்பெண் கமென். மாறிய சீட்டின் முகத்தோடு, எந்தச் சமையலறையிலோ, எவள் முகத்தையோ பார்த்துக்கொண்டு, ரோசி ரோசி என்று.

ஓடினாள். உடுப்பு இல்லை. கவசம் இல்லை. மூடுபனி வாய்க்குள் போனது. படி. கதவு. இன்னொரு கதவு. டோன்கா ஏதோ கத்தினாள். சீறல். நாற்பது சீறல்.

பதினான்கு.

பாலாபனொவ் மயக்க ஊசியோடு நின்றான். "காகிதம்?" என்று கையை நீட்டினான். கையில் கசங்கியிருந்ததை அவன் மேல் எறிந்தாள். கட்டிலில் கமென் கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவனுடைய இடது கையைப் பிடித்தாள். கட்டைப் பிய்த்தாள். கட்டுத்துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது.

வெள்ளைத் தோல்.

பூஜ்யம் இல்லை. கோடு இல்லை. அழிந்த தடம்கூட இல்லை. பிறந்ததிலிருந்து பச்சையே குத்தாத தோல்.

"ரோசிட்ஸாதானே?" என்றது கமெனின் வாய். கண் திறந்திருந்தது. "எட்டு மணி நேரம் உங்க ஜன்னலுக்கு வெளியில நின்னேன்மா. கால் இன்னும் விறைச்சுக் கெடக்கு. ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலையே நீங்க."

அவள் மேலங்கிப் பைக்குள் ஏதோ சூடாகிக்கொண்டிருந்தது. கறுத்து உறைந்திருந்த அந்தக் குழாய்.

பாலாபனொவ் எதையும் பார்க்கவில்லை. கசங்கிய காகிதத்தை விரித்து எண்களைப் படித்துக்கொண்டிருந்தான். "பத்து" என்றான். ஊசியை எடுத்தான்.

அவள் போர்வையின் கால்மாட்டைத் தூக்கினாள்.

பழுப்பு ஷூ. இரண்டு காலிலும். இடது காலில் மஞ்சள் கம்பி, இறுக்கிக் கட்டியபடி. அந்தத் திங்கட்கிழமையின் சேறு இன்னும் காயாமல், வெள்ளை விரிப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.